பரிசுக்கோப்பை அப்புறம், முதலில் படம் ஒழுங்காகத் தெரியட்டும்

மாணவர் குறும்பட விழா தொடங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

எங்கள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறை மாணவர்கள் எடுக்கும் படங்கள் இன்டர்னல் மார்க்கோடு முடிந்துபோகின்றன. பக்கத்துக் கல்லூரிகளையும் சேர்த்து ஒரு விழா நடத்த ஆசை. எத்தனை நாள் வைக்கலாம், எவ்வளவு முன்பே வேலையைத் தொடங்க வேண்டும்?
*உதவிப் பேராசிரியர், திண்டுக்கல்*

முதல் ஆண்டு ஒரே நாள் போதும். மூன்று நாள் விழா என்று அறிவித்துவிட்டு இரண்டாம் நாள் மதியம் காலி நாற்காலிகளுக்குப் படம் போட்டால், அந்தப் படத்தை எடுத்த பிள்ளைக்கு அதைவிட வருத்தம் வேறில்லை.

ஒரு நாளில் எத்தனை படம் கொள்ளும் என்பதை முதலிலேயே கணக்குப் பாருங்கள். காலை 10 மணிக்கு ஓர் அமர்வு, 12 மணிக்கு ஓர் அமர்வு, சாப்பிட்டுவிட்டு 2.30-க்கு ஓர் அமர்வு. ஒவ்வொன்றிலும் 75 நிமிடம் படம், அதையடுத்து 25 நிமிடம் இயக்குநர்களோடு பேச்சு. மொத்தம் 225 நிமிடத் திரை நேரம். ஒரு படம் சராசரியாக 12 நிமிடம், இடைவெளி ஒரு நிமிடம் என்று வைத்தால் 17 படம். இந்த எண் கையில் இருந்தால், தேர்வு முடிந்தபிறகு ‘இன்னும் நாலு படம் சேர்த்துக்கொள்ளலாமே’ என்று யாராவது கேட்கும்போது எதை வெட்ட வேண்டியிருக்கும் என்று தெளிவாகச் சொல்ல முடியும். வழக்கமாக வெட்டுப்படுவது அந்த 25 நிமிடப் பேச்சுதான். அதை விட்டுக்கொடுக்காதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து, ‘அந்த அம்மா ஏன் கதவைத் திறக்கவில்லை?’ என்று கேட்பதற்குத்தான் மாணவர் விழாவே.

தேதிக்குக் கல்லூரி நாட்காட்டிதான் எஜமான். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு. ஆகவே பொங்கல் கழிந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் வைப்பது வசதி. அப்படியானால் செப்டம்பரில் அறிவிப்பு, டிசம்பர் 15-ல் கடைசித் தேதி, ஜனவரி 10-க்குள் தேர்வுப் பட்டியல், ஜனவரி 25-க்குள் திரையிடல் கோப்புகள் கைக்கு வர வேண்டும். படங்களில் பெரும்பகுதி கடைசி இரண்டு நாளில்தான் வரும். நவம்பர் முடிவில் பத்தே படம் வந்திருக்கிறது என்று பதறித் தேதியை நீட்டிக்காதீர்கள். நீட்டித்தால் எல்லாரும் புதிய தேதிக்கு முந்தைய இரவுதான் அனுப்புவார்கள். உங்களுக்குத் தேர்வுக்கான நாட்கள்தான் குறையும்.

சிறிதாகத் தொடங்குவதில் குறையே இல்லை. இன்று உலகின் பெரிய குறும்பட விழாக்களில் ஒன்றான பிரான்ஸின் க்ளெர்மோன்-ஃபெராண்ட் விழா, 1979-ல் பல்கலைக்கழக மாணவர் திரைப்படக் கழகம் நடத்திய ஒரு குறும்பட வாரத்திலிருந்து வளர்ந்ததுதான்.

படம் அனுப்ப ஃபிலிம்ஃப்ரீவே தளம் நல்லதா, கூகுள் ஃபார்ம் போதுமா? விண்ணப்பத்தில் என்னென்ன கேட்க வேண்டும்?
*மாணவர் பேரவைச் செயலர், திருநெல்வேலி*

மாநில அளவு வரைக்கும் கூகுள் ஃபார்ம் போதும். ஃபிலிம்ஃப்ரீவேயில் கட்டணமில்லாமல் அறிவித்தால் உலகின் நான்கு மூலையிலிருந்தும், விதியைப் படிக்காமலே, படங்கள் குவியும். மாணவர் அல்லாதவர்களின் படங்களை விலக்குவதே தனி வேலையாகிவிடும்.

ஃபார்மில் படக் கோப்பையே ஏற்றச் சொல்லாதீர்கள். ஏற்றப்படும் கோப்பெல்லாம் ஃபார்ம் வைத்திருப்பவரின் டிரைவில் போய் உட்காரும். இலவசக் கணக்கில் இருப்பது 15 ஜிபி. அது நிரம்பினால் கடைசி நாளில் வருகிறவர்களால் அனுப்ப முடியாது. பார்ப்பதற்கு லிங்க் மட்டும் வாங்குங்கள். யூடியூப் என்றால் ‘அன்லிஸ்டட்’ என்று விதியிலேயே எழுதுங்கள். பல மாணவர்கள் ‘பிரைவேட்’ என்று வைத்துவிடுகிறார்கள், திறக்காது. டிரைவ் என்றால் ‘லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று மாற்றச் சொல்ல வேண்டும். சில நாளில் காலாவதியாகும் லிங்க்குகளை ஏற்காதீர்கள்.

கேட்க வேண்டியவை: படத்தின் பெயர், மொழி, நிமிடம்-விநாடியில் நீளம், முடித்த மாதமும் ஆண்டும், இயக்குநர் படிக்கும் வகுப்பு, போனஃபைடு சான்று, மூன்று வரிக் கதைச்சுருக்கம், ஒரு ஸ்டில், பயன்படுத்திய இசை எங்கிருந்து வந்தது என்ற விவரம். கூடவே இரண்டு பேரின் கைபேசி எண். இயக்குநர் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அவர் படம் திறக்காமல் போகும்.

‘மாணவர் படம்’ என்றால் என்ன என்பதை ஒரே வரியில் கறாராக எழுதிவையுங்கள். படப்பிடிப்பு நடந்தபோது இயக்குநர் ஒரு கல்வி நிறுவனத்தில் படித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்பது நியாயமான வரையறை. ஒளிப்பதிவுக்கோ எடிட்டிங்குக்கோ சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் அதைச் சொல்லிவிட வேண்டும் என்றும் சேருங்கள். விலக்க வேண்டியதில்லை, ஜூரிக்குத் தெரிந்தால் போதும்.

நீளம் டைட்டிலோடு சேர்த்து 20 நிமிடத்துக்குள். ஆஸ்கர் விதிப்படி 40 நிமிடம் வரை குறும்படம்தான். ஆனால் உங்களுக்கு இருப்பது 225 நிமிடம். ஒரு 40 நிமிடப் படம் மூன்று மாணவர்களின் இடத்தை எடுத்துக்கொள்ளும். நுழைவுக் கட்டணம் வேண்டவே வேண்டாம். சொந்த போனில் படமெடுத்த பிள்ளையிடம் ஐந்நூறு ரூபாய் கேட்டால் அவர் அனுப்பவே மாட்டார், அவர் படம்தான் உங்களுக்கு வேண்டியது.

எங்கள் படத்தில் டீக்கடைக் காட்சியில் ஒரு பழைய சினிமாப் பாட்டு இருபது விநாடி வருகிறது. முப்பது விநாடிக்குள் என்றால் உரிமை தேவையில்லை என்கிறார்கள். உண்மையா?
*மூன்றாம் ஆண்டு மாணவி, கோயம்புத்தூர்*

இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ல் முப்பது விநாடி, பத்து விநாடி என்று எந்தச் சலுகையும் கிடையாது. ‘நன்றி’ என்று டைட்டிலில் போட்டாலும் அனுமதி ஆகாது. ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. ஒலிப்பதிவு உரிமை பெரும்பாலும் இசை நிறுவனத்திடம் இருக்கும். மெட்டுக்கும் வரிகளுக்குமான உரிமை வேறு. இரண்டுக்கும் அனுமதி வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் எப்போதும் வருகிறது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கல்வி நிறுவன நடவடிக்கையின் பகுதியாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர் மட்டும் பார்வையாளராக இருக்கும் திரையிடலுக்கு விலக்கு தருகிறது. வெளியூர்க் கல்லூரி மாணவர்களையும் ஊர் மக்களையும் அழைக்கிற விழா அதற்குள் அடங்காது. பாட்டை உங்கள் படத்தில் சேர்த்துக்கொள்ளும் உரிமையையும் அந்த விலக்கு தருவதில்லை.

டீக்கடை ரேடியோவில் பாட்டு வந்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் கல்லூரியில் பாடத் தெரிந்த ஒருவரை வைத்து நீங்களே ஒன்றை உருவாக்கலாம். பதிவு செய்ததை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டினால் சின்ன ஸ்பீக்கரில் ஒலிக்கிற மாதிரி ஆகிவிடும். பாடியவரிடமும் இசையமைத்தவரிடமும் ஒரு பக்கக் கடிதம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் இசை (நிபந்தனைகளோடு எவரும் பயன்படுத்த உரிமையாளரே அனுமதித்தது) எடுப்பதானால் உரிமத்தில் ‘நோ டெரிவேட்டிவ்ஸ்’ (மாற்றி உருவாக்கக் கூடாது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படக்காட்சியோடு சேர்க்கவே கூடாது.

விழாவைத் திரையரங்கில் நடத்தினால் சென்சார் சான்றிதழ் வேண்டுமா?
*திரைப்படக் கழக ஒருங்கிணைப்பாளர், மதுரை*

திரைப்படச் சட்டம், 1952-ன்படி பொதுமக்களுக்குத் திரையிடும் எந்தப் படத்துக்கும் சான்றிதழ் வேண்டும், அது ஐந்து நிமிடப் படமாக இருந்தாலும். விழாக்களுக்காக மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு தரும் முறை ஒன்று இருக்கிறது. அதற்கு விழா வணிக நோக்கமற்றதாக இருக்க வேண்டும், பார்வையாளர்கள் முன்பதிவு செய்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், படத்துறை சார்ந்தவர்கள் கொண்ட முன்பார்வைக் குழு ஒவ்வொரு படத்தையும் பார்த்துப் பரிந்துரைத்திருக்க வேண்டும். விழா இயக்குநர் படப்பட்டியலையும் கதைச்சுருக்கத்தையும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். தேர்வுப் பட்டியல் முடிந்த மறுநாளே இதை அனுப்புங்கள். மேலே சொன்ன ஜனவரி 10 என்ற தேதி இதற்காகவும்தான்.

விலக்கு எல்லாப் படத்துக்கும் கிடைத்துவிடும் என்று நம்பி நிகழ்ச்சி நிரலை அச்சடிக்க வேண்டாம். 2017-ல் கேரளத்தின் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவிலேயே மூன்று ஆவணப்படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது.

துறைக்குள் வகுப்பின் பகுதியாகப் போட்டுப் பார்ப்பது வேறு விஷயம். முதல் ஆண்டு கல்லூரி ஆடிட்டோரியத்தில், பெயர் பதிவு செய்த மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் என்று நடத்தினால் பல சிக்கல்கள் எழாது. அப்போதும் வெளிக்கல்லூரிகள் வருவதால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி, விலக்குக்கும் விண்ணப்பித்துவிடுவதே பாதுகாப்பு.

போன வருடத் திரையிடலில் ஒரு படத்தில் உதட்டசைவும் பேச்சும் பொருந்தவில்லை, இன்னொன்றில் வசனமே கேட்கவில்லை, அடுத்த படம் காதைக் கிழித்தது. இருட்டுக் காட்சி எதுவும் தெரியவில்லை. ப்ரொஜெக்டர்காரர் படம்தான் சரியில்லை என்றார். யார் மேல் தவறு?
*விழாக் குழு மாணவர்கள், தஞ்சாவூர்*

கடிதங்களில் மிக முக்கியமானது இது. நீங்கள் சொன்ன நான்குக்கும் நான்கு தனிக் காரணங்கள், அவற்றில் பாதி படத்தில் இருக்கலாம், பாதி உங்கள் அரங்கில்.

பேச்சு பொருந்தாதது முதலில். கைபேசியில் எடுத்த காட்சிகளில் விநாடிக்கான ஃப்ரேம் எண்ணிக்கை நிலையாக இருக்காது, வெளிச்சத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். எடிட்டிங் மென்பொருள் அதை நிலையான எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளும்போது ஒலி கொஞ்சம் கொஞ்சமாக விலகும். படத்தின் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் காரணம் பெரும்பாலும் இதுதான். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மூலக் காட்சியைத் திறந்தால் ‘வேரியபிள்’ என்று காட்டும். ஹேண்ட்பிரேக் என்ற வடிவம் மாற்றும் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ என்று மாற்றியபிறகு எடிட்டிங்கைத் தொடங்க வேண்டும். இதை இயக்குநர்தான் சரிசெய்ய முடியும். ஆனால் தொடக்கம் முதலே ஒரே அளவில் விலகியிருந்தால் அரங்கைச் சந்தேகியுங்கள். ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டிருந்தால் ஒலி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பிந்தும். கேபிள்தான் போட வேண்டும்.

வசனம் கேட்காததற்கு நம் ஊர் ஆடிட்டோரியங்களில் அடிக்கடி நடக்கும் ஒரு காரணம் உண்டு. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து வரும் ஸ்டீரியோ ஒலியை, மூன்று தொடர்புள்ள ஒற்றை ஜாக்கில் மிக்ஸரின் மைக் வகை உள்ளீட்டில் செருகிவிடுவார்கள். அந்த உள்ளீடு இடப்பக்க ஒலியிலிருந்து வலப்பக்க ஒலியைக் கழித்து எடுத்துக்கொள்ளும் அமைப்பு கொண்டது. வசனம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் கழிந்து காணாமல் போகும். இசையும் எதிரொலியும் மட்டும் மிஞ்சும். ‘பாட்டு கேட்குது, பேச்சு கேட்கல’ என்று யாராவது சொன்னால் உடனே அந்த ஜாக்கைப் பாருங்கள். ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ, மறு முனையில் இரண்டு தனி மோனோ ஜாக் உள்ள கேபிள் வாங்கி, மிக்ஸரில் இரண்டு சேனலில் போட்டு, ஒன்றை இடத்துக்கும் மற்றதை வலத்துக்கும் திருப்பிவையுங்கள். லேப்டாப் சார்ஜர் போட்டதும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் நடுவில் அந்த இரைச்சலைத் தடுக்கும் டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டி ஒன்று வேண்டும், சவுண்ட்காரரிடம் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

படத்துக்குப் படம் சத்தம் மாறுவது விழாக் குழுவின் பொறுப்பு. ஒருவர் யூடியூப் அளவுக்கு மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ்ஸில் (படம் முழுவதன் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு, எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் கூடும்) அனுப்பியிருப்பார், இன்னொருவர் மைனஸ் 30-ல். இரண்டுக்கும் 16 டெசிபல் வித்தியாசம். படம் ஓடும்போது மிக்ஸரில் கைவைத்து இதைச் சமாளிக்க முடியாது. எல்லாப் படமும் மைனஸ் 23-ல் இருக்க வேண்டும், உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று விதியில் எழுதுங்கள். வந்த கோப்புகளை யூலீன் மீட்டர் போன்ற இலவசக் கருவியில் அளந்து பாருங்கள். சத்தம் அதிகமான படத்தைக் குறைப்பது எளிது. குறைந்ததை நீங்களாக ஏற்றாதீர்கள், உச்சங்கள் உடைந்து கரகரக்கும். இயக்குநரிடமே திருப்பி அனுப்புங்கள். பிறகு அரங்கில் ஒரே ஒரு முறை ஒலியளவை வைத்து, மிக்ஸரில் சத்தம் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்குப் பக்கத்தில் டேப் ஒட்டிவிடுங்கள்.

இருட்டுக் காட்சிக்கு வருவோம். 12 அடி அகலத் திரையின் பரப்பு சுமார் 81 சதுர அடி. திரையரங்குத் தரத்துக்கு, முழு இருட்டில், அதன்மேல் சுமார் 1,200 லூமன் (வெளிச்சத்தின் அளவு) விழுந்தால் போதும். ஆனால் ப்ரொஜெக்டரில் எழுதியிருக்கும் எண் புது விளக்குக்கும் அதிகபட்ச வெளிச்ச நிலைக்கும் உரியது, கல்லூரி அரங்கிலோ வென்டிலேட்டர் வழியாக வெயில் வரும். ஆகவே 4,000 முதல் 5,000 லூமன் உள்ளதை எடுங்கள். அதைவிட முக்கியம், ஜன்னலுக்கும் வென்டிலேட்டருக்கும் கறுப்புத் துணி. பத்தாயிரம் லூமனானாலும் திரையில் விழும் வெயிலைக் கறுப்பாக்க முடியாது. மேடை டியூப்லைட்டின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது, அதை அணைத்தால் கூடவே எது அணையும் என்பதையும் முதல் நாளே பார்த்துவையுங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது 1920×1080 நேட்டிவ் (ப்ரொஜெக்டரின் சொந்தப் புள்ளி எண்ணிக்கை) என்று கேட்டு வாங்குங்கள். கல்லூரிகளில் இருக்கும் பழைய ப்ரொஜெக்டர்கள் பல 1024×768 வகை, அகலப் படம் அதில் மேலும் கீழும் சுருங்கிவிடும். த்ரோ விகிதம் (திரை அகலத்தைப் போல் எத்தனை மடங்கு தூரம் என்பது) 1.5 என்றால் 12 அடித் திரைக்கு 18 அடி தள்ளி வைக்க வேண்டும். அங்கே மேசை போட இடம் உண்டா, அந்த வழியாக யாரும் நடப்பார்களா என்று பாருங்கள். கோணலாக வைத்துக் கீஸ்டோன் என்ற கோணல் திருத்தும் வசதியில் நிமிர்த்தினால் படத்தின் கூர்மை போகும். எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் சாதாரணக் கேபிளை நம்பாதீர்கள். படம் விட்டுவிட்டு வரும். ஆப்டிகல் வகைக் கேபிள் அல்லது கேட்6 எக்ஸ்டெண்டர் போடுங்கள்.

திரையிடல் கோப்பு எந்த வடிவத்தில் வாங்க வேண்டும்? திரையரங்குகளுக்கான டிசிபி வடிவம் கேட்கலாமா?
*எடிட்டிங் பயிற்றுநர், சென்னை*

லேப்டாப்பிலிருந்து போடுவதானால் எம்பி4, எச்.264, 1920×1080, 15 முதல் 20 எம்பிபிஎஸ், 48 கிலோஹெர்ட்ஸ் ஒலி. ஃப்ரேம் எண்ணிக்கை 24, 25, 30 எதுவாக இருந்தாலும் எடுத்தபடியே வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றப்போனால் கேமரா நகரும் இடங்களில் காட்சி உதறும். திரையரங்கு என்றால் மட்டும் டிசிபி. இலவசமான டிசிபி-ஓ-மேட்டிக் மென்பொருளில் விழாக் குழுவே செய்துகொள்ளலாம். திரையரங்குக்குக் கொடுத்துச் சோதிக்க இரண்டு நாளாவது விடுங்கள்.

கோப்புகளைப் பென் டிரைவிலிருந்து ஓட்டாமல் லேப்டாப்பின் உள்வட்டுக்கு நகலெடுங்கள். 01, 02 என்று பெயருக்கு முன்னால் எண் போடுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பழைய பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. அதே கோப்புகளோடு இரண்டாவது லேப்டாப் ஸ்விட்ச்சரில் (ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் கருவி) தயாராக இருக்கட்டும். இரண்டிலும் நைட் லைட், ஸ்லீப், நோட்டிஃபிகேஷன் அணைத்து, இணையத்தையும் துண்டித்துவிடுங்கள். வாட்ஸ்ஆப் செய்தி ஒன்று திரையின் மூலையில் எட்டிப் பார்த்தால் அந்தக் காட்சி போனது போனதுதான். ப்ரொஜெக்டருக்கும் லேப்டாப்புக்கும் யுபிஎஸ் கட்டாயம். ஜெனரேட்டர் பிடிக்கும் பத்து விநாடியில் விளக்கு ஆறாமல் அணைந்தால் மறுபடி எரியச் சில நிமிடமாகும்.

முதல் நாள் ஒத்திகையில் ஒவ்வொரு படத்தின் முதல் நிமிடம், கடைசி நிமிடம், அதிக சத்தம் உள்ள இடம் மூன்றையும் போட்டுப் பாருங்கள். பாதியில் ரெண்டர் (இறுதிக் கோப்பாக்கும் வேலை) நின்றுபோன கோப்பு கடைசி நிமிடத்தில்தான் மாட்டும்.

இருநூறு படம் வந்தால் எப்படிப் பார்த்து முடிப்பது? மார்க் போடலாமா?
*முதுகலை மாணவர், புதுச்சேரி*

இருநூறு படம், சராசரி 12 நிமிடம் என்றால் 40 மணி நேரம். ஒவ்வொரு படத்தையும் மூன்று பேர் பார்க்க வேண்டும், அப்படியானால் 120 மணி. எட்டுப் பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 15 மணி, தினம் ஒரு மணி நேரமாகப் பதினைந்து நாளில் முடியும். தன் கல்லூரிப் படத்தை யாரும் பார்க்கக்கூடாது. 1 முதல் 5 வரை தனித்தனியே மார்க் போடுங்கள், அதைக் கூட்டிப் பட்டியலிட்டு அதோடு முடித்துவிடாதீர்கள். எல்லாரும் 3 போட்ட படத்தைவிட ஒருவர் 5, இருவர் 1 போட்ட படம் பெரும்பாலும் பேசத் தகுந்ததாக இருக்கும். அப்படிப்பட்டவற்றை மட்டும் எடுத்து எல்லாருமாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். முழுக்கப் பார்க்க வேண்டும், ஓட்டிப் பார்ப்பது கூடாது. மாணவர் படங்களில் தொடக்கம் தடுமாறிப் பின்னால் எழுகிறவை நிறைய.

தேர்வாகாதவர்களுக்கும் மூன்று வரி எழுதி அனுப்புங்கள். ‘ஆறாவது நிமிடத்து மொட்டைமாடிக் காட்சியில் ஒலி தெளிவாக இல்லை, அங்கேதான் கதை திரும்புகிறது’ என்கிற மாதிரி இடத்தைச் சுட்டி எழுதினால் அடுத்த ஆண்டு அதே மாணவர் இன்னும் நல்ல படத்தோடு வருவார்.

மலையாள, கன்னடப் படங்களுக்கு சப்டைட்டில்?
*வாசகர், ஓசூர்*

ஆங்கில சப்டைட்டில் படத்திலேயே பதிந்து வர வேண்டும், இரண்டு வரிக்கு மேல் கூடாது. தமிழில் போட விரும்பினால் எழுத்துகள் பிரிந்து கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் கிராஃபிக்ஸ் அமைப்பில் தெற்காசிய எழுத்து முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு இலவசம்.

சிறப்பு விருந்தினர், நினைவுப் பரிசு, ஃப்ளெக்ஸ் செலவே பட்ஜெட்டைத் தின்றுவிடுகிறது. எதைக் குறைப்பது?
*துறைத் தலைவர், சேலம்*

மூன்றையும். ப்ரொஜெக்டர், ஒலி, கறுப்புத் துணி, வெளியூர் மாணவர்களின் சாப்பாடும் பயணச் செலவும், இவற்றுக்குப் பணம் ஒதுக்கியபின் மிச்சமிருப்பதில்தான் மற்றவை. குத்துவிளக்கும் வரவேற்புரையும் சேர்த்துப் பதினைந்து நிமிடம். அதற்குமேல் போனால் முதல் அமர்வின் கடைசிப் படம்தான் அடிவாங்கும். விருந்தினராக ஒரு ஒலிப்பதிவாளரையோ எடிட்டரையோ அழையுங்கள், மாலையில் பத்து நிமிடம் பேசுவதற்குப் பதிலாக நாள் முழுக்க உட்கார்ந்து படம் பார்க்கச் சொல்லுங்கள். பரிசு கதைப்படம், ஆவணப்படம், அனிமேஷன் என்று வகைக்கு ஒன்று போதும்.

விழா முடிந்ததும் படங்களை எங்கள் யூடியூப் சேனலில் போட்டுவிடலாமா?
*விழா ஒருங்கிணைப்பாளர், ஈரோடு*

எழுத்தில் அனுமதி இல்லாமல் போடாதீர்கள். ஏற்கெனவே இணையத்தில் வந்த படத்தைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. நீங்கள் அன்பாகப் போடும் ஒரு பதிவு அந்த மாணவரின் அடுத்த வாய்ப்பை மூடிவிடும். விண்ணப்பத்திலேயே மூன்று தனித்தனிக் கட்டங்கள் வையுங்கள்: விழாவில் திரையிடலாம், கல்லூரிக் காப்பகத்தில் வைக்கலாம், இணையத்தில் வெளியிடலாம். ‘எல்லாவற்றுக்கும் சம்மதம்’ என்று ஒரே கட்டம் வைக்க வேண்டாம். காப்பகத்துக்கு அனுமதித்தவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, ஒன்றைத் துறையிலும் மற்றொன்றை நூலகத்திலும் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டையும் இணைத்துத் திறந்து பாருங்கள்.